வீட்டுக்கு வரும் ஜெபம், மடுவுக்குப் போகும் ஜெபம்

ராஜபாளையத்தில் ஒரு கிறிஸ்தவ வீட்டில் கஷ்டம் என்றால் சபை அந்த வீட்டுக்கே போய்விடும். மில் ஷிப்டு முடிந்தவர்கள் குளித்துவிட்டு, பைபிளும் பாட்டுப்புத்தகமுமாகக் கூடுவார்கள். கூடத்தில் பாய் விரித்திருக்கும். இடம் போதாவிட்டால் வாசற்படியில் உட்காருவார்கள். இரண்டு கீர்த்தனை, ஒரு சங்கீதம், பிறகு ஜெபக்குறிப்புகள். மகளுக்கு வரன் அமையவில்லை, மாமாவுக்கு டயாலிசிஸ், குழுக் கடனுக்குத் தவணை கட்ட வழியில்லை. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி மன்றாடிவிட்டு, டீயும் காராச்சேவும் சாப்பிட்டுக் கலைவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இதே வழக்கம்தான். ஆண்டாள் தேருக்கு வடம் பிடிக்கும் பக்கத்து வீட்டு அக்காகூட, "எங்க பையனுக்கும் பரீட்சை இருக்கு, அவனையும் சேத்து ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லி அனுப்புவது உண்டு.

இந்தப் பழக்கத்தின் வேர் 1854இல் இருக்கிறது என்று நினைக்கிறேன். அப்போது இந்த வட்டாரம் திருநெல்வேலி மாவட்டத்தின் வடபகுதி. சி.எம்.எஸ். மிஷனைச் சேர்ந்த ராக்லாந்து, ஃபென், மெடோஸ் மூவரும் கட்டடம் எழுப்பி ஆளைக் கூப்பிடாமல், கூடாரத்தோடு ஊர் ஊராகப் போனார்கள். தெற்கேயுள்ள பழைய சபைகள் தங்கள் செலவிலேயே உபதேசியார்களை மாதாமாதம் முறைவைத்து அனுப்பின. நாலே வருடத்தில், 1858இல், ராக்லாந்து சிவகாசியில் இறந்தார். ஆளைத் தேடிப்போகும் அந்த முறை மட்டும் நின்றுவிடவில்லை.

இலங்கையின் வன்னியில் ஜனங்கள் எதிர்த்திசையில் நடந்தார்கள். மன்னார் மாவட்டத்து மடுமாதா கோயிலே ஓடிவந்தவர்களின் கோயில். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய 17ஆம் நூற்றாண்டில், மாந்தையிலிருந்து மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஒளிந்தவர்கள் வழியாக வந்தது அது. ஆடி, ஆவணித் திருவிழாக்களுக்குத் தமிழரும் சிங்களவரும் போகிறார்கள். பாம்புக்கடிக்குக் காவல் என்று மடு மண்ணை முடிந்து வீட்டுக்கு எடுத்துவருகிறார்கள். போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த வளாகத்திலேயே அடுப்பு மூட்டி வாழ்ந்தன. 1999 நவம்பரில் அங்கேயே எறிகணை விழுந்து நாற்பது பேரளவில் மாண்டார்கள். அதற்கு முன்பே, 1995 ஜூலையில், யாழ்ப்பாணத்து நவாலி தேவாலயத்தில் ஒதுங்கியிருந்தவர்கள்மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது மாதா சுரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது. ஜனங்களோடு சேர்ந்து அகதியான மாதாவிடம் அவர்கள் அழுததன் அர்த்தம் நமக்கு முழுதாக எட்டாது.

இலங்கையின் மலையகம் வேறு கதை. அங்கே தோட்டத் தொழிலாளருக்கான மிஷனும் அதே 1854இல்தான் தொடங்கியது. அதற்குப் போன உபதேசியார்கள் திருநெல்வேலிக்காரர்கள். தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களுக்கு, லயம் லயமாகப் போய் ஜெபித்தவர்கள் அவர்கள். ஆகவே நுவரெலியா லயத்து ஜெபக்கூட்டம் மடுவைவிட நம் ராஜபாளையத்துக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

நம் வீட்டு ஜெபத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. முடிவில் சாட்சி கேட்கிறோம். வேலை கிடைத்தவர், சுகமானவர் எழுந்து சொல்கிறார்; எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்கிறோம். டயாலிசிஸுக்குப் போய்வரும் மாமாவிடம் சொல்ல ஒன்றுமில்லை. அவர் சுவரோரம் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். தீராத துக்கத்தோடு ஒருவர் சபை நடுவில் இருக்கலாம் என்பதை நாம் இன்னும் பழகவில்லை. "விசுவாசம் குறைவு" என்று யாராவது முணுமுணுத்தால், அடுத்த வாரம் அவர் வரமாட்டார்.

ஈழத்துச் சபைகளுக்கு அந்தத் துக்கத்தை ஒளித்துவைக்க வழியிருக்கவில்லை. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் போய் உட்கார்ந்தார். 2008 அக்டோபரில் வன்னியில் இருந்த மக்கள்தொகை, 2009 மே மாதத்துக்குள் வெளியே வந்தவர்களின் தொகை, இரண்டையும் அதிகாரபூர்வக் கணக்குகளிலிருந்தே எடுத்துக் கழித்தார். 1,46,679 பேருக்கு என்ன ஆனது என்று கேட்டார். வன்னித் தாய்மார் மடுவில் மெழுகுதிரி ஏற்றிக் கேட்டதும் அதையேதான். 2021இல் அவர் கண்ணை மூடும்வரை அதற்குப் பதில் வரவில்லை.