இரண்டு அங்குலத்துக்குள் நான்கு வால்வுகள்

இ.எல்.84 வால்வை நிமிர்த்தி நிறுத்தினால் உயரம் ஏறத்தாழ 78 மில்லிமீட்டர். ரேக்கில் ஒரு யூனிட்டின் உயரமோ 44 மில்லிமீட்டர் சொச்சம். அங்குலக் கணக்கில் ஒன்றே முக்கால். ஆகவே மார்ஷலின் இ.எல்.84 20/20 பவர் ஆம்பில் நான்கு வால்வுகளும் படுத்துக் கிடக்கின்றன. மேடை விளக்கு அணைந்த நேரத்தில் காற்றுத் துளைகள் வழியாக எட்டிப் பார்த்தால், நான்கு இழைகளும் ஆரஞ்சு நிறத்தில் கனிந்துகொண்டிருப்பது தெரியும். அந்த ஒரு காட்சிக்காகவே பெட்டியைச் சுமக்கலாம் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

ஆர்கெஸ்ட்ராவில் கிதார் வாசிப்பவன் நான். கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, கல்லூரி விழா என்று மாதத்துக்கு ஏழெட்டு மேடை. முன்பு 100 வாட் ஹெட்டும், நான்கு ஸ்பீக்கர் கேபினெட்டும் வைத்திருந்தேன். மார்ஷல் 1960 போன்ற நான்கு ஸ்பீக்கர் கேபினெட் ஒன்றே 36 கிலோவுக்குமேல் வரும். குட்டியானையில் கீபோர்டும் டிரம்ஸும் ஏறிய பிறகு அதற்கு இடம் கேட்டு நிற்க வேண்டும். இன்று என்னிடம் இருப்பது நான்கு யூனிட் ரேக் பெட்டி ஒன்று, 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று கொண்ட கேபினெட் ஒன்று. ஒரு கையில் ரேக், மறுகையில் கேபினெட், முதுகில் கிதார். ஒரே நடையில் மேடை ஏறிவிடலாம்.

ரேக்குக்குள் இருப்பவை இரண்டு: ஒலிக்கு வடிவம் தரும் மார்ஷல் ஜே.எம்.பி.-1 ப்ரீஆம்ப், அதை ஸ்பீக்கரை இயக்கும் அளவுக்குப் பெருக்கும், மேலே சொன்ன 20/20 பவர் ஆம்ப். இரண்டும் தலா ஒரு யூனிட். இரண்டுமே இப்போது உற்பத்தியில் இல்லை. கைமாறி வருவதுதான் கிடைக்கும்.

இப்படி ஒரு செட் சேர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ப்ரீஆம்பில்தான் தொடங்குகிறார்கள். எத்தனை சேனல், எத்தனை ப்ரீசெட் (சேமித்து வைக்கும் ஒலி அமைப்பு), யார் வாசித்தது என்று தேடுகிறார்கள். நான் சொல்வது, பவர் ஆம்பிலிருந்து தொடங்குங்கள். பெட்டியின் கனத்தையும் சூட்டையும், மேடையில் உங்கள் கிதார் கேட்குமா கேட்காதா என்பதையும் தீர்மானிப்பது அதுதான். ப்ரீஆம்பை நாளை மாற்றிக்கொள்ளலாம்.

20 வாட் போதுமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாட் இரட்டிப்பானால் சத்தம் 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். 20 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் வித்தியாசம் 4 டெசிபெல். செலஸ்டியன் வின்டேஜ் 30 ஸ்பீக்கரின் உணர்திறன் ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபெல். 20 வாட்டை அதில் விட்டால் 113 டெசிபெல் வரும். உணர்திறன் 97 டெசிபெல் உள்ள ஸ்பீக்கரை மாட்டினால் அதே சத்தத்துக்கு 40 வாட் தேவைப்படும். நல்ல ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் காசு, இன்னொரு பவர் ஆம்ப் வாங்கியதற்குச் சமம். மிச்சத்தை கேபினெட் முன்னால் நிற்கும் மைக் பார்த்துக்கொள்ளும். கடைசி வரிசைக்குச் சத்தம் கொண்டுபோவது சவுண்டு சர்வீஸ்காரரின் வேலை.

குறை ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. நம் மேடையில் கிதார்க்காரருக்கு டிஸ்டார்ஷனைவிட சுத்தமான ஒலிதான் அதிகம் தேவை. 'இளைய நிலா'வின் தொடக்கக் கிதாரை வாசிக்காத ஆர்கெஸ்ட்ரா உண்டா? அந்த இடத்தில் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக, கண்ணாடி மாதிரி கேட்க வேண்டும். இ.எல்.84 சீக்கிரம் கரகரக்கத் தொடங்கும் வால்வு. ராக் இசைக்கு அது வரம், இங்கே தொந்தரவு. பவர் ஆம்பின் வால்யூமைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்து, ப்ரீஆம்பில் சுத்தமான ப்ரீசெட்டின் அளவைக் குறைத்து வைத்தால் மண்டபத்துக்குள் போதும். திறந்தவெளியில் டிரம்ஸ்காரர் உற்சாகமாக அடித்தால் போதாது. அங்கே மானிட்டரில் கிதாரைச் சற்றுக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

20/20 இரண்டு பக்கம் கொண்டது. பக்கத்துக்கு இரண்டு வால்வு, 20 வாட். கோரஸ், டிலே எல்லாம் ஸ்டீரியோவாக விரிய இரண்டு கேபினெட் வேண்டும். நான் அதற்காக வாங்கவில்லை. ஒரு பக்கத்து வால்வு நடு நிகழ்ச்சியில் சோர்ந்துபோனால், ஸ்பீக்கர் கேபிளையும் உள்ளீட்டுக் கேபிளையும் பிடுங்கி மறுபக்கத்தில் செருகினால் பாட்டு தொடரும். உபரி ஆம்ப் ஒன்றை அதே பெட்டிக்குள் சுமப்பது மாதிரி. மெயின் ஃப்யூஸே போய்விட்டால் இரண்டு பக்கமும் ஊமைதான், அதற்கு ஜே.எம்.பி.-1 பின்புறத்தில் ஸ்பீக்கர் எமுலேஷன் உள்ள அவுட்புட் இருக்கிறது. அதை நேராக மிக்ஸருக்குக் கொடுத்து நிகழ்ச்சியை முடித்துவிடலாம்.

ஜே.எம்.பி.-1 வந்தது 1992-இல். உள்ளே இரண்டு இ.சி.சி.83 வால்வுகள், சுத்தமான ஒலிக்கு இரண்டு, டிஸ்டார்ஷனுக்கு இரண்டு என நான்கு சேனல், 100 ப்ரீசெட். ஒரு பொத்தானை அழுத்தி ஒரே குமிழைத் திருப்பித்தான் கெயின், பேஸ், ட்ரெபிள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். மேடையில் நின்றுகொண்டு ட்ரெபிளை ஒரு சொட்டுக் குறைக்க நினைப்பவருக்கு இது எரிச்சல் தரும். ஒத்திகையிலேயே முடித்துக்கொண்டு, மேடையில் ப்ரீசெட் மாற்றும் மிடி பெடலை மட்டும் மிதிப்பவருக்குச் சுகம். நான் பயன்படுத்துவது ஐந்தே ப்ரீசெட். டிஸ்டார்ஷனில் நடு ஒலி நெஞ்சில் வந்து நிற்கும்; வயலின்களும் கீபோர்டும் சேர்ந்து முழங்கும்போதும் லீடு தனியாகத் தெரியும். சுத்தமான ஒலி சற்று மெலிந்தது. பேஸை ஏற்றி, கொஞ்சம் கோரஸ் சேர்த்தால்தான் எனக்குத் திருப்தி.

ஜே.எம்.பி.-1-க்கு முன்னோடி 1987-இல் வந்த ஏ.டி.ஏ. எம்.பி.-1. வால்வையும் மிடியையும் ஒரே யூனிட்டுக்குள் சேர்த்த பெட்டி. எண்பதுகளின் கடைசியில் வந்த பளபளப்பான ஹார்டு ராக் ஒலி வேண்டுமென்றால் அதைத் தேடலாம். மெசா பூகி ட்ரையாக்ஸிஸ் ஒலியில் இன்னும் பணக்காரத்தனமானது, விலையிலும்தான். எங்கல் 530-இல் மிடி நினைவகம் இல்லை. முகப்பில் குமிழ்கள் இருக்கின்றன, கை போட்டுத் திருப்பலாம். மேடையில் இரண்டு மூன்று ஒலிக்குமேல் வேண்டாதவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

நினைவகம் உள்ள பழைய ப்ரீஆம்ப் வாங்குபவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அந்தக் காலத்துப் பெட்டிகளில் ப்ரீசெட்டுகளைக் காப்பது உள்ளே இருக்கும் ஒரு பட்டன் பேட்டரி. வேறொரு பழைய ப்ரீஆம்பை வைத்திருந்த காலத்தில், திருவிழா மேடையில் சுவிட்சைப் போட்டேன்; திரையில் அர்த்தமில்லாத எழுத்துகள். ஆறு மாதம் செதுக்கிய ஒலிகள் எல்லாம் போயிருந்தன. பாடகி மைக்கைப் பிடித்துவிட்டார், நான் மண்டியிட்டு உட்கார்ந்து கெயினைத் தேடிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து ஐந்து ப்ரீசெட்டின் எண்களையும் ஒரு தாளில் எழுதி ரேக்கின் உள்மூடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். பேட்டரி சோல்டர் செய்யப்பட்டிருந்தால், தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து ஹோல்டர் மாட்டிக்கொள்ளுங்கள். நீங்களே திறக்காதீர்கள், வால்வுப் பெட்டிக்குள் கெப்பாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நூற்றுக்கணக்கான வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கலாம்.

அடுத்தது சூடு. ஒரு இ.எல்.84-இன் இழைக்கு 6.3 வோல்ட், 0.76 ஆம்பியர். நான்குக்கும் சேர்த்து 19 வாட். இதுபோக ஒவ்வொரு வால்வின் பிளேட்டிலும் அதிகபட்சம் 12 வாட் வரை சூடாக வெளியேறும். பழைய 60 வாட் குண்டு பல்பை அட்டைப்பெட்டிக்குள் எரியவிட்டால் எப்படியோ, அப்படி. அரை மணி நேரம் ஓடிய பிறகு மூடியில் உள்ளங்கையை வைத்தால் ஐந்து எண்ணுவதற்குள் எடுத்துவிடுவேன். அதனால்தான் இரண்டு யூனிட் சாமானுக்கு நான்கு யூனிட் பெட்டி. கீழே பவர் ஆம்ப், அதன்மேல் ஒரு யூனிட் வெற்றிடம், அதற்குமேல் ப்ரீஆம்ப், உச்சியில் வால்வும் ஃப்யூஸும் வைக்க ஒரு சின்ன டிராயர். அந்த வெற்றிடத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. பவர் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ப்ரீஆம்ப் விலகி இருப்பதால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் குறைகிறது. நிகழ்ச்சி நடக்கும்போது ரேக்கின் பின்மூடியைக் கழற்றியே வைக்க வேண்டும். பின்னால் மேடைத் திரைச்சீலை ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பவர் ஆம்பை முன்பக்கக் காதுகளில் நான்கு போல்ட்டால் மட்டும் தொங்கவிடாதீர்கள். குட்டியானை ஒவ்வொரு வேகத்தடையிலும் குதிக்கும்போது டிரான்ஸ்ஃபார்மரின் கனம் அந்தக் காதுகளை முறுக்கும். அடியில் இரண்டு பக்கமும் அலுமினியச் சட்டம் கொடுத்துத் தாங்கவைத்தேன்.

நம் ஊர் மேடையில் வால்வின் பெரிய எதிரி கரண்டுதான். பெட்டி 230 வோல்ட்டுக்கானது என்றால், ஜெனரேட்டர் 200 வோல்ட் தரும்போது இழைக்கு 5.5 வோல்ட்தான் போகும். 260 ஆனால் 7.1. இழை மின்னழுத்தம் பத்து சதவீதத்துக்குள் ஏறி இறங்குவதை வால்வு பொறுத்துக்கொள்ளும். அதாவது 207-க்கும் 253-க்கும் இடையில். பிளக்கில் செருகும் சின்ன வோல்ட் மீட்டர் ஒன்றை எப்போதும் கொண்டுபோகிறேன். ஒரு கோயில் விழாவில் அது 268 காட்டியது. ஜெனரேட்டர் பக்கம் இருந்த சவுண்டு சர்வீஸ் அண்ணனிடம் காட்டினேன். "தம்பி, லைட்டு லோடு இன்னும் ஏத்தல. ஏறுனா இறங்கிடும், அஞ்சு நிமிஷம் பொறுங்க" என்றார். பொறுத்தேன். 241-க்கு வந்த பிறகுதான் சுவிட்சில் கை வைத்தேன். அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் பெட்டி மலிவாகக் கிடைத்தால் இன்னும் யோசியுங்கள். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை இறக்கும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. 60-க்கென்றே செய்த டிரான்ஸ்ஃபார்மர் இங்கே கூடுதலாகச் சூடாகும்.

எர்த் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டு பெட்டிகளும் ரேக்கின் இரும்பு வழியாகவும் கேபிள் வழியாகவும் எர்த்தைப் பகிரும்போது இரைச்சல் வரும். அதை நிறுத்த சிலர் பிளக்கின் மூன்றாவது முள்ளை எடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கிதார் தந்தியைத் தொட்டுக்கொண்டு மைக்கில் உதடு வைக்கும் பாடகரின் உயிர் அந்த முள்ளில் இருக்கிறது. போல்ட்டுக்கு நைலான் வாஷர் போட்டு, பெட்டிகளை இரும்பிலிருந்து பிரித்தால் என் ரேக்கில் இரைச்சல் நின்றது.

ஸ்பீக்கர் மாட்டும்போது பவர் ஆம்பின் பின்னால் எழுதியிருக்கும் ஓம் எண்ணும் கேபினெட்டின் ஓம் எண்ணும் ஒத்திருக்க வேண்டும். 16 ஓம் கேபினெட் இரண்டை இணையாக மாட்டினால் 8 ஓம். ஸ்பீக்கரே மாட்டாமல் வால்வு ஆம்பில் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகக்கூடும். அது போனால் வால்வை மாற்றுவது போல எளிதில் மாற்ற முடியாது.

இவ்வளவு பாடு எதற்கு, டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப் போதாதா என்று கேட்கலாம். மாடிப்படி ஏறி இறங்குபவருக்கும், முதுகுவலி உள்ளவருக்கும் அதுவே சரி. கெம்பர் டிஜிட்டல் ஆம்பின் ரேக் வடிவத்துக்குள்ளேயே 600 வாட் பவர் ஆம்ப் வைத்துக் கொடுக்கிறார்கள். சூடு குறைவு, சுத்தமான ஒலிக்கு இடம் தாராளம். ஜே.எம்.பி.-1-ஐ ஒரு நண்பரின் டிரான்சிஸ்டர் பவர் ஆம்பில் மாட்டி ஒரு மாதம் வாசித்தேன். சுத்தமான ஒலி என் 20/20-ஐவிட நன்றாகவே இருந்தது. லீடு வாசிக்கும்போதுதான் விட்டுப்போனது தெரிந்தது. தந்தியை அழுத்தி மீட்டினால் வால்வு ஒரு கணம் அமுங்கி, பிறகு விரிந்து எழும். கிதாரின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் கரகரப்பு உருகிப் பாட்டாகிவிடும். அந்த நெகிழ்வை விரல் பழகிக்கொண்டுவிட்டால், அது இல்லாதபோது விரல் தேடுகிறது. அதற்காகத்தான் இந்தச் சூட்டையும் கனத்தையும் சுமக்கிறேன்.

பழையது வாங்கப் போகிறவர்கள் விற்பவர் வீட்டில் குறைந்தது 40 நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். சூடேறிய பிறகுதான் வால்வின் நோய் வெளியே வரும். இரண்டு பக்கத்தையும் ஒரே ஸ்பீக்கரில் மாற்றி மாற்றி மாட்டி, சத்தம் ஒன்றாக இருக்கிறதா என்று கேளுங்கள். கெயினை ஏற்றி வைத்துப் பெட்டியின் மூடியை விரல் கணுவால் லேசாகத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் மணி அடித்தது போலக் கேட்டால் ஏதோ ஒரு வால்வு மைக்காக மாறியிருக்கிறது. அது பெரிய குற்றமில்லை, அந்த வால்வை மாற்றினால் போயிற்று. பவர் வால்வின் பிளேட் செக்கச்சிவந்தால் மட்டும் உடனே அணைத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் முதலில் ரேக்கை அணைப்பேன். பிறகு கேபிள் சுருட்டுவேன், பெடலைத் துடைப்பேன், கிதாரை உறையில் போடுவேன். சூடான இழை அதிர்ச்சியைத் தாங்காது. டிரம்ஸ்காரர் கடைசி ஸ்டாண்டை மடக்கும்போது மூடியில் கையை வைத்துப் பார்ப்பேன். கை நிலைத்து நின்றால் மூடியைப் பூட்டி வண்டியில் ஏற்றுவோம்.