திரைக்குப் பின்னால் தொடங்கும் கர்ணன்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தாண்டி காஞ்சிபுரம் வரைக்கும் உள்ள ஊர்களில் இன்றும் விடிய விடியக் கட்டைக்கூத்து நடக்கிறது. ‘கர்ண மோட்சம்’ ஆடும் இரவில் கர்ணன் சபைக்கு வரும் விதத்தைக் கவனியுங்கள். இரண்டு பேர் பிடித்த திரைக்கு மேலே கிரீடம் தெரியும், கீழே சலங்கைக் கால் தெரியும். முகம் தெரியாது, பாட்டு மட்டும் வரும். திரை விலகும்போது அவன் யார், எந்த மனநிலையில் வருகிறான் என்பது சபைக்குத் தெரிந்திருக்கும்.

பாட்டாலேயே கதை சொல்லும் ஐரோப்பிய ஆப்பராவில் இசையா நாடகமா என்ற சண்டை நெடுங்காலம் ஓடியது. பாடகரின் குரல் வித்தை கதையை விழுங்குகிறது என்று 18ஆம் நூற்றாண்டில் இசையமைப்பாளர் க்ளுக் எதிர்த்தார். 1851இல் இன்னொரு இசையமைப்பாளரான வாக்னர் இதற்காகவே ஒரு நூல் எழுதினார். கூத்தில் இசைக்கும் நாடகத்துக்குமான சமநிலை ஆட்டமுறைக்குள்ளேயே இருக்கிறது. நடிகர் ஓர் அடி பாடுகிறார், பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். அந்த நேரத்தில் அவர் அடவு போட்டுச் சுழல்கிறார், மூச்சையும் மீட்டுக்கொள்கிறார். அடுத்து வசனம். பாட்டில் உணர்ச்சியாக வந்தது வசனத்தில் வாதமாக மாறுகிறது. மிருதங்கமும் முகவீணையும் ஆர்மோனியமும் அடங்கி, வசனம் முடிந்ததும் மறுபடி எழும்.

இதன் உச்சம் பொன்னுருவி காட்சி. பிறப்பைச் சொல்லி இகழ்ந்த மனைவியிடம் போருக்குப் போகுமுன் விடைபெற வருகிறான் கர்ணன். இருவரும் பாட்டாலும் பேச்சாலும் மோதுகிறார்கள். பாட்டை எடுத்துவிட்டால் வெறும் குடும்பச் சண்டை. வசனத்தை எடுத்துவிட்டால் வெறும் புலம்பல்.

பெருங்கட்டூர் பொ. ராஜகோபால் போன்ற வாத்தியார்கள் இந்த இரண்டையும் ஒரே உடம்பில் பழக்கினார்கள். 1990இல் அமைந்த கட்டைக்கூத்துச் சங்கம் புஞ்சரசந்தாங்கலில் நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் அப்படித்தான் கற்றார்கள். பாட ஒருவர், நடிக்க ஒருவர் என்ற பிரிவினை அங்கே இருக்கவில்லை.

தொழிற்சாலையில் காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் விடியும்வரை உட்கார முடியாது என்பது நியாயம்தான். ஆனால் இரவு ஆட்டத்தை இரண்டு மணி நேரமாகச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது வசனத் தர்க்கம். மிஞ்சுவது வேகமான பாட்டும் சுழற்சியும். கைதட்டல் கிடைக்கும், கர்ணன் கிடைக்கமாட்டான். நேரம் போதாதென்றால் பொன்னுருவி காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, திரைப் பாட்டிலிருந்து கடைசி வசனம் வரை ஒரு வரிகூடக் குறைக்காமல் முழுசாக ஆடட்டும்.