உகைரில் ஒரு சிவப்புப் பென்சில்

ஹெச்.ஆர்.பி. டிக்ஸன் 1956ல் வெளியிட்ட 'குவைத்தும் அதன் அண்டை நாடுகளும்' நூலில் ஒரு காட்சியை எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். 1922 இறுதி. உகைரில் கூடாரங்கள். நஜ்த், ஈராக், குவைத் எல்லை பற்றிய பேச்சு நகரவில்லை. பிரிட்டிஷ் ஹைகமிஷனர் பெர்ஸி காக்ஸ் சிவப்புப் பென்சிலால் வரைபடத்தில் கோடு கிழிக்கிறார். குவைத் தன்னுடையதென்று நம்பிய நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போகிறது. பிறகு இப்ன் சவூது விம்முகிறார், காக்ஸும் அழுகிறார்.

நன்றாக எழுதப்பட்ட காட்சி. என் சங்கடமே அதுதான். அழுத இருவரும் நூல் வந்தபோது உயிரோடில்லை. காக்ஸ் 1937ல், இப்ன் சவூது 1953ல் மறைந்தார்கள். டிக்ஸன் பொய் சொல்கிறார் என்றல்ல. ஒரு நிர்வாக முடிவை இரண்டு கனவான்களின் சோகமாக அவர் நடை மாற்றிவிடுகிறது. நிலத்தை இழந்த குவைத் ஷேக் அங்கே இல்லை. அவர் சார்பில் இருந்தவரும் மேஜர் மோர் என்ற பிரிட்டிஷ் அதிகாரிதான்.

இப்ன் சவூது கேட்டது கோடல்ல. எந்தக் குலம் யாருடையது என்பதே அவருக்கு எல்லை. மேய்ச்சல் மழையைத் தொடர்ந்து நகரும். அதற்காகக் காக்ஸ் இரண்டு நடுநிலைப் பகுதிகளை விட்டுவைத்தார். தம் கோடு போதாது என்பதற்கு அவரே தந்த வாக்குமூலம் அது. குவைத்தை ஒட்டிய பகுதியில் 1953ல் எண்ணெய் கிடைத்தது. 1965ல் அதையும் பிரிக்க ஒப்பந்தமாயிற்று.

அந்தப் பிரிவினைக்கு யாரும் அழுததாகப் படிக்கவில்லை. எழுத ஒரு டிக்ஸன் இல்லை.