கொட்டாங்குச்சித் தோட்டம்

தேங்காய் துருவிய கொட்டாங்குச்சியைத் தூக்கி எறிய எனக்கு மனம் வருவதில்லை. கண்ணிருக்கும் பாதியில், மெல்லிய கண்ணைக் கம்பியால் குத்தினால் தண்ணீர் வடிய வழி கிடைத்துவிடும். ஒரு குழந்தைக்கு அவ்வளவு தோட்டம் போதும். இரவெல்லாம் ஊறி வழவழத்த வெந்தயத்தைத் தூவி, மேலே பொடிமண்ணைக் கோலமாவு போல விடுகிறாள் பேத்தி. அந்த விரல்களைப் பார்க்க வேண்டும்! பிறகுதான் கடினமான வேலை, காத்திருப்பது. இரண்டாம் நாளே பொறுக்காமல் ஒரு விதையைத் தோண்டியவள், வெள்ளை வேரைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, தூங்கும் தம்பிக்குப் போர்த்துவதுபோல மூடிவிட்டாள்.

நான்காம் நாள் காலை, விதைத்தோலைத் தொப்பியாக மாட்டிக்கொண்டு முளைகள் நின்றன. மூன்று வாரம் கழித்துக் கிள்ளினோம். ஒரு பிடிகூடத் தேறவில்லை. கீரையைத் தட்டோரம் ஒதுக்கும் பிள்ளை, விரல்நுனியின் பச்சை மணத்தை அன்று முழுக்க முகர்ந்துகொண்டிருந்தாள்.