எட்டரை மணி நேரக் கணக்கு

என் பயிற்சி நோட்டில் 46 வாரங்கள் பதிவாகியிருக்கின்றன. மொத்தம் 414 மணி நேரம். அதில் சைக்கிள் 214, ஓட்டம் 128, நீச்சல் 58, தசைப் பயிற்சி 14. நீச்சலில் ஏறக்குறைய முழுவதும் 25 மீட்டர் குளத்தில் நடந்தது; கடலில் இறங்கியது ஐந்தே முறை. கோவாவின் மிராமார் கடற்கரையில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 போட்டிக்காக நான் செய்த தயாரிப்பு இதுதான். 1.9 கி.மீ. கடல் நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம், எல்லாம் எட்டரை மணி நேரத்துக்குள். ஆறரை மணி நேரம் என்று குறி வைத்துப் போய், 7 மணி 17 நிமிடத்தில் முடித்தேன். முடித்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. ஆனால் நோட்டைத் திரும்பப் புரட்டும்போது, வேலைக்கும் போய்க்கொண்டு ட்ரையத்லான் பழகும் என்னைப் போன்றவர்கள் எங்கே சரியாகப் போகிறோம், எங்கே தடம் மாறுகிறோம் என்பது என் கையெழுத்திலேயே தெரிகிறது.

இந்தத் தூரங்கள் எப்படி வந்தன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 1978 பிப்ரவரி 18 அன்று ஹவாயின் ஓவாஹு தீவில் முதல் அயர்ன்மேன் நடந்தது. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் அதை நடத்தினார்கள். நீந்துகிறவர், சைக்கிள் மிதிக்கிறவர், ஓடுகிறவர் ஆகிய மூவரில் யாருக்கு உடல்திறன் அதிகம் என்ற வாக்குவாதத்தில் பிறந்தது அந்தப் போட்டி. தீவில் ஏற்கெனவே இருந்த மூன்று பந்தயங்களை அவர்கள் ஒன்றாகக் கோத்தார்கள்: வைக்கீக்கி கடல் நீச்சல், தீவைச் சுற்றும் சைக்கிள் பந்தயம், ஹொனலுலு மாரத்தான். சைக்கிள் தூரத்தில் மூன்று மைலைக் குறைத்தால் மாரத்தான் தொடங்கும் இடத்துக்கே வந்து சேரலாம் என்பதால் அது 112 மைல் ஆனது. 15 பேர் புறப்பட்டார்கள், 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் 58 விநாடி ஆனது. ஒரு தீவின் சாலை அமைந்த விதத்தில் கிடைத்த எண்கள் இவை. மனித உடம்பின் எல்லையை அளந்து யாரும் குறித்தவை அல்ல. அந்தத் தூரத்தில் பாதிதான் நான் போன போட்டி; மைல் கணக்கில் கூட்டினால் 70.3.

இந்த விளையாட்டின் பெரிய வரம், சுமையைப் பிரித்துக் கொடுப்பது. ஓட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்த நாட்களில் எனக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது முழங்காலோ குதிகாலோ பிடித்துக்கொள்ளும், மூன்று வாரம் முடங்குவேன். இப்போது கால் வலித்தால் குளத்துக்குப் போகிறேன், தோள் வலித்தால் சைக்கிளில் ஏறுகிறேன். இதயமும் நுரையீரலும் மூன்றுக்கும் பொது என்பதால் உழைப்பு வீணாவதில்லை. இன்னொரு வரத்தை நான் இதைவிட உயர்வாக மதிக்கிறேன். முப்பத்தொன்பது வயதில் ஒரு மனிதன் ஒன்றைப் புதிதாக, அடியிலிருந்து கற்றுக்கொள்ள இது இடம் தருகிறது. பக்கவாட்டில் தலையைத் திருப்பி மூச்செடுக்க எனக்கு நான்கு மாதம் பிடித்தது. பக்கத்து லேனில் எட்டு வயதுச் சிறுமி அதை இரண்டு வாரத்தில் செய்தாள். அவளைப் பார்த்துத்தான் நானும் கற்றேன்.

வயதுப் பிரிவு முறையையும் சொல்லியாக வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒரு பிரிவு. அறுபது வயதுக்காரரும் முப்பது வயதுக்காரரும் ஒரே கடலில் இறங்குகிறார்கள். அமெரிக்கக் கன்னியாஸ்திரி மடோனா பூடர் ஓடத் தொடங்கியதே 48 வயதில். 2012இல், 82 வயதில், கனடாவில் முழு அயர்ன்மேனை முடித்தார். அவருக்காகவே புதிய வயதுப் பிரிவுகளைத் திறக்க வேண்டியிருந்தது. இவ்வளவு அகலமாகக் கதவு திறந்திருக்கும் போட்டி விளையாட்டுகள் அதிகம் இல்லை.

இனி என் நோட்டுக்கு வருகிறேன். நேரத்தில் பாதிக்கு மேல் சைக்கிளுக்குக் கொடுத்தது கணக்குப்படி சரி. போட்டி நாளில் நான் சாலையில் இருந்தது 3 மணி 24 நிமிடம், அதாவது மொத்தத்தில் ஏறத்தாழ பாதி. நீச்சல் 58 நிமிடம்தான். எங்கே நேரம் அதிகம் செலவாகிறதோ அங்கே பயிற்சியைக் கொட்டு என்பது பயிற்சியாளர்கள் பலரும் சொல்லும் வழி. நிமிடங்களை மட்டும் எண்ணினால் அதில் தவறே இல்லை. ஆனால் மூன்றிலும் ஆபத்து ஒரே அளவு இல்லை. சைக்கிளில் களைத்தால் வேகத்தைக் குறைக்கலாம், ஓட்டத்தில் களைத்தால் நடக்கலாம். கடலில் களைத்தவன் முதலில் மிதந்தாக வேண்டும். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை ட்ரையத்லான் போட்டிகளில் நேர்ந்த மரணங்களையும் இதய நிறுத்தங்களையும் தொகுத்த மருத்துவர்கள் 135 நிகழ்வுகளைக் கண்டார்கள். அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு நீச்சலின்போது நடந்தவை. பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள், சராசரி வயது 47ஐ ஒட்டி. நம் ஊரில் இந்த விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்களில் அந்த வயது ஆண்கள் எத்தனை பேர் என்று சுற்றிப் பார்த்தால் இந்த எண்ணின் கனம் தெரியும்.

கோவாவில் முதல் 300 மீட்டரில் நடந்தது இது. அலை உடையும் இடத்தைத் தாண்டியிருந்தேன். யாரோ ஒருவரின் குதிகால் என் நீச்சல் கண்ணாடியில் பட்டு, இடது கண்ணில் உப்புத் தண்ணீர் நிறைந்தது. மூச்சு வாங்க வாயைத் திறந்தபோது அடுத்த அலை உள்ளே வந்தது. நெஞ்சு இறுகியது. குளத்தில் ஒரு சுவர் எப்போதும் 25 மீட்டருக்குள் இருக்கும். இங்கே எந்தப் பக்கமும் தண்ணீர். மல்லாந்து படுத்தேன். காப்பாளர் ஒருவர் கயாக்கை அருகில் கொண்டுவந்தார். அதைப் பிடித்துக்கொண்டு முன்னேறாமல் நிற்க விதி இடம் தருகிறது. பிடித்துக்கொண்டு முப்பது மூச்சு எண்ணினேன். பிறகு மீதியை நீந்தினேன். உடம்பில் வலு இல்லாததால் வந்த தடுமாற்றமல்ல அது. குளத்தில் இரண்டு கிலோமீட்டரை நிற்காமல் நீந்தக்கூடியவன் நான். கடலில் மூச்சை அடக்கி ஆளும் பழக்கம் எனக்கு இல்லை. ஐந்து முறையில் அந்தப் பழக்கம் வராது.

அந்த ஆண்டு என் பணம் எங்கே போனது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஆழமான கார்பன் சக்கரங்கள் வாங்கினேன். கடலில் உடன் நீந்திச் சொல்லித்தர ஒரு பயிற்சியாளருக்கு ஓராண்டு கொடுத்திருக்கக்கூடிய தொகையைவிட அவற்றின் விலை அதிகம். சக்கரங்களால் பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். சமதரையில் 30 கி.மீ. வேகத்தில் போகும்போது நம்மைத் தடுப்பதில் பெரும்பங்கு காற்றுதான். வேகம் ஏற ஏற அதை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் கனமடங்கில் ஏறுகிறது. ஆனால் அந்தக் காற்றைத் தடுத்து நிற்பது பெரும்பாலும் சைக்கிள் அல்ல, சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் உடம்பு. அதனால்தான் ஏரோ பார் என்ற எளிய குழாய் இவ்வளவு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. முழங்கையை ஊன்றி, முதுகைத் தாழ்த்தி, கைகளை முன்னே நீட்டிப் படுக்க வைக்கும் அந்தக் கருவியை ட்ரையத்லான்காரர்கள்தான் முதலில் பரவலாக்கினார்கள். 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாளில் கிரெக் லெமாண்ட் அதைப் பூட்டிக்கொண்டு மிதித்து, 50 விநாடி முன்னே இருந்த லோரான் ஃபீன்யோனை 8 விநாடியில் வென்றார். அந்தக் குழாய்க்கு ஆகும் செலவு சக்கரங்களின் விலையில் சிறு பங்குதான். அதைப் பூட்டி, இருக்கையின் உயரத்தையும் கைப்பிடியின் தூரத்தையும் உடம்புக்குப் பொருத்தி, அந்த நிலையில் மூன்று மணி நேரம் கழுத்து வலிக்காமல் இருக்கப் பழகியிருந்தால் எனக்கு இன்னும் சில நிமிடம் மிஞ்சியிருக்கும். நான் சராசரியாக 26 கி.மீ. வேகத்தில் போனேன். அந்த வேகத்துக்கு என் கழுத்துதான் பெரிய செலவு வைத்தது; கடைசி 30 கி.மீ. நிமிர்ந்து உட்கார்ந்தே மிதித்தேன்.

பயிற்சியின் தரத்திலும் ஒரு பிசகு உண்டு. ஸ்டீபன் சைலர் என்ற உடற்பயிற்சி ஆய்வாளர், உயர்நிலைத் தொலைதூர வீரர்களின் பயிற்சியில் சுமார் 80 விழுக்காடு மிக இலகுவாக இருப்பதைக் கவனித்துச் சொன்னார். அவர்கள் மிச்சத்தைத்தான் கடுமையாகச் செய்கிறார்கள். வாரத்துக்கு ஒன்பது மணி நேரமே கிடைக்கும் நமக்கு அந்த விகிதம் அப்படியே பொருந்துமா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் நாம் செய்வது அதற்கு நேர் எதிரானது. ஞாயிறு விடியற்காலை சென்னையின் ஈ.சி.ஆர் சாலையில் சேர்ந்து புறப்படுகிறோம். திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை பேச்சும் சிரிப்பும். அதற்குப் பிறகு யாரோ ஒருவர் வேகத்தைக் கூட்ட, யாருக்கும் பின்தங்க மனம் வராது. திரும்பி வரும்போது ஏழரை மணி வெயிலில் இதயத் துடிப்பு இறங்க மறுக்கிறது. இலகுவாக இருக்க வேண்டிய நாள் நடுத்தரக் கடுமையில் முடிகிறது. அந்தக் களைப்போடு செவ்வாய்க்கிழமை கடுமையாக ஓட வேண்டிய ஓட்டமும் நடுத்தரமாகிவிடுகிறது. 46 வாரத்தில் என் ஓட்டங்களில் பெரும்பகுதி இப்படி ஒரே நிறத்தில் இருக்கிறது. மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் ஓடியதாகக் குறித்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம். தூக்கத்துக்கென்று ஒதுக்கிய கட்டம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது. இரவு பதினொன்றுக்குப் படுத்து நாலு மணிக்கு எழுந்தவன் எழுதவும் விரும்பியிருக்க மாட்டான்.

நோட்டில் வராத இன்னொரு நேரமும் இருக்கிறது. நான் நீண்ட சைக்கிள் பயணம் முடித்துப் பத்து மணிக்கு வரும்போது பிள்ளைகள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள், துணி காய்ந்துகொண்டிருக்கும். ஒருநாள் என் மனைவி கேட்டாள்: “நீங்க 414 மணி நேரம்னு எழுதியிருக்கீங்க. அந்த நேரத்துல வீட்ல யாரு இருந்தான்னு எழுதலையே?” அந்தக் கேள்விக்குப் பிறகு, நம் குழுக்களில் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். விடியற்காலை இருட்டில் நெடுஞ்சாலையில் தனியாகப் போகும் பயம் ஒரு காரணம். வாரத்துக்கு ஒன்பது மணி நேரத்தை அவர்களுக்குப் பதிலாக வீட்டில் தாங்க யாரும் இல்லாதது அதைவிடப் பெரிய காரணம். இப்போது எங்கள் வீட்டில் சனிக்கிழமை காலை அவளுடையது. அவள் நீந்தப் போகிறாள், நான் தோசை சுடுகிறேன்.

குறிக்கோளைப் பற்றி ஒன்று. ஆறரை மணி நேரம் என்ற எண்ணை நான் ஒரு நண்பரின் முடிவிலிருந்து எடுத்துக்கொண்டேன். அவர் குளிர்நாடு ஒன்றில், சமதரைப் பாதையில் போட்டியிட்டவர். அக்டோபர் கோவாவின் புழுக்கத்தில் அந்த எண்ணைத் துரத்தி, முதல் 40 கி.மீ. சைக்கிளை மிகையாக மிதித்தேன். பயிற்சி முழுக்க வாழைப்பழமும் கடலை மிட்டாயும் தின்று பழகிவிட்டு, போட்டியன்று ஒருபோதும் தொட்டுப் பார்க்காத சர்க்கரை ஜெல்களைப் பிழிந்து விழுங்கினேன். ஓட்டத்தின் 12ஆவது கிலோமீட்டரில் வயிறு புரட்டியது. தாகம் என்று நினைத்து வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனேன். நீண்ட போட்டிகளில் வியர்வையில் உப்பை இழந்துவிட்டுத் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையும் என்பது எனக்கு அப்போது தெரியாது. உதவி மேசையில் இருந்த ஒரு பெண் என் முகத்தைப் பார்த்து உப்புக் கரைசலை நீட்டினார். கடைசி ஏழு கிலோமீட்டரில் பாதியை நடந்தேன். ஓட்டத்துக்கு 2 மணி 41 நிமிடம் ஆனது. தனியாக ஓடும் அரை மாரத்தானில் எனக்கு 2 மணி 5 நிமிடம் போதும். அந்த 36 நிமிடமும் சக்கரத்திலோ ஷூவிலோ தொலைந்தவை அல்ல.

புதிய நோட்டில் கட்டங்களை மாற்றியிருக்கிறேன். இலகு, கடுமை என்று இரண்டு தனி நிரல்கள். தூக்கத்துக்கு ஒரு நிரல், காலியாக விடக்கூடாது. வெயிலில் ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, எவ்வளவு வியர்த்தேன் என்று ஒரு நிரல். கடல் என்று ஒரு நிரல். அடுத்த போட்டிக்கு நேர இலக்கு எதையும் எழுதவில்லை. கடைசி ஏழு கிலோமீட்டரை நடக்காமல் ஓட வேண்டும் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். நாற்பதைத் தாண்டிய எங்கள் குழுவில் எல்லோரும் இதயப் பரிசோதனை செய்துகொண்டோம். ஞாயிறு சைக்கிளைக் குறைத்து, நீலாங்கரையில் ஃபைபர் படகு வைத்திருக்கும் ஒரு மீனவ அண்ணனோடு ஏற்பாடு செய்திருக்கிறோம். நாங்கள் நீந்த, அவர் படகில் பக்கத்தில் வருவார்.

போன ஞாயிறு ஐந்தரைக்கு நாங்கள் ஆறு பேர் தொப்பியும் கண்ணாடியுமாக மணலில் நின்றோம். அண்ணன் தண்ணீரையே கொஞ்ச நேரம் பார்த்தார். “வெள்ளம் இழுக்குது தம்பி. சொறிமீனும் வந்திருக்கு. இன்னிக்கு வேணாம்.” எங்கள் கண்ணுக்குக் கடல் அமைதியாகத்தான் தெரிந்தது. அவர் ஒரு காய்ந்த குச்சியை எடுத்து வீசினார். அது கரையை ஒட்டி, நாங்கள் நடக்கும் வேகத்தைவிட வேகமாக வடக்கே போனது. அது எங்கே திரும்புகிறது, எங்கே உள்ளே இழுபடுகிறது என்று அவர் விரலால் காட்டிக்கொண்டே வர, அரை மணி நேரம் கரையில் அதைத் தொடர்ந்து நடந்தோம். வீட்டுக்கு வந்து கடல் நிரலில் எழுதினேன்: 30 நிமிடம், இறங்கவில்லை.