தீர்ப்பான் அளவு

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரம் தொண்ணூற்றைந்தாவது. பரிமேலழகர் வகுப்பின்படி அங்கவியலின் இறுதியில் நிற்பது. நம் தமிழ்ப் பள்ளிகளில் இதனைக் கற்பிக்கும்போது, உணவில் அளவு வேண்டும் என்னும் அறிவுரையோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். அது பிழையன்று, பத்துக் குறள்களில் ஆறு (942 முதல் 947 வரை) உண்டியைப் பற்றியனவே. ஆயினும் இறுதியில் உள்ள மூன்றும் நோய் தீர்க்கும் தொழிலைப் பற்றியவை. அம்மூன்றையும் மீண்டும் படிக்க வேண்டிய தேவை அண்மையில் எனக்கு நேர்ந்தது.

மஸ்ஜித் இந்தியாவில், துணிக்கடைகளின் நெரிசலுக்கிடையே, முன்பு என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருவரைக் கண்டேன். இப்போது அவர் மனநல ஆலோசகர். பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் வாடகைக்கு ஓர் அறை எடுத்துத் தனியே தொழில் நடத்துகிறார். தமிழிலேயே தம் துயரைச் சொல்ல விரும்புவோர் பலர் அவரை நாடி வருகின்றனர். தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில், “ஐயா, நோயாளியை எப்படிப் பார்க்க வேண்டும் என்று வள்ளுவர் சொல்லியிருக்கிறார். பார்க்கிறவள் களைத்துப் போனால் என்ன செய்வது என்று எங்கேயாவது சொல்லியிருக்கிறாரா?” என்று கேட்டார். உடனே விடை கூற இயலவில்லை. இக்கட்டுரை அவ்விடையைத் தேடியதன் பயன்.

நம் நாட்டில் இத்தொழில் சட்டத்தால் வரையறுக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம் (சட்டம் 580) ஆலோசகர் ஒருவர் வாரியத்தில் பதிவு செய்துகொள்ளவும், தொழில் நடத்தும் சான்றிதழ் பெறவும் வேண்டும் என விதிக்கிறது. கல்வியையும் தகுதியையும் சட்டம் ஆராய்கிறது. ஆனால் நாள்தோறும் பிறர் துயரைக் கேட்டுக் கேட்டு ஒருவரது உள்ளம் எந்நிலையில் உள்ளது என்பதை எந்தச் சான்றிதழும் அளந்து கூறாது. அது அவரவர் தாமே அளக்க வேண்டிய ஒன்று.

இனிக் குறளுக்கு வருவோம். 948ஆம் குறள் நோயையும், அதன் காரணத்தையும், தணிக்கும் வழியையும் முறையே தேடச் சொல்கிறது. 949ஆம் குறள் கற்ற மருத்துவன் கருத வேண்டிய அளவுகளைக் கூறுகிறது: நோயுற்றவன் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்று. இம்மூன்றுள் மருத்துவன் தன்னுடைய அளவு இல்லை. அளவு என்னும் சொல்லே இவ்வதிகாரத்தின் உயிர்நாடி. உண்பவனுக்கு அளவு உண்டு. உற்றவனுக்கு அளவு உண்டு. பிணிக்கும் அளவு உண்டு. தீர்ப்பவனுக்கு மட்டும் அளவு இல்லையோ?

950ஆம் குறள் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, பக்கத்திருந்து உதவுபவன். பரிமேலழகர் இவை ஒவ்வொன்றையும் மீண்டும் நந்நான்காக விரித்துப் பதினாறாக்குகிறார். இவ்விரிவு வடமொழி மருத்துவ நூல்களைத் தழுவியது. சரகர் நூலிலும் இத்தகைய பகுப்பு உண்டு. ஆயினும் உரையாசிரியர் காட்டும் குணங்கள் வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தின் முதல் அத்தியாயத்தில் உள்ள பட்டியலோடு இன்னும் நெருங்கி நிற்கின்றன. நோயுற்றவனுக்குரிய குணங்களுள் பொருளுடைமையைச் சேர்த்திருப்பதே இதற்குத் தக்க சான்று. சரகரின் பட்டியலில் அஃது இல்லை.

தீர்ப்பவனுக்குப் பரிமேலழகர் கூறும் நான்கு யாவை? நோயைக் கண்டு அஞ்சாமை, ஆசிரியனிடம் பெற்ற கல்வியும் நுண்ணறிவும், பலமுறை தீர்த்துப் பழகியமை, மனமொழிமெய்களின் தூய்மை. நான்கும் போற்றத்தக்கவையே. ஆயினும் இம்மருத்துவன் இரவு உறங்கினானா, எத்தனை பேரை ஒரு நாளில் கண்டான், தனக்குற்ற துயரை யாரிடம் சொன்னான் என்பன இப்பட்டியலில் எழவில்லை. பழைய உரையில் மருத்துவன் குறையாத ஊற்றாகவே நிற்கிறான்.

உடல் மருத்துவத்துக்கு இது ஒருவாறு பொருந்தலாம். அங்கே மருந்து வேறு, தருபவன் வேறு. வைத்தியர் சோர்ந்திருந்தாலும் சூரணம் சோர்வதில்லை. பேச்சினால் உள்ளத்தைத் தேற்றும் தொழிலில் அவ்வாறன்று. அங்கே தீர்ப்பவரின் செவியும் சொல்லும் பொறுமையுமே மருந்து. தனியே தொழில் நடத்துபவருக்கோ பக்கத்திருந்து உதவுபவரும் இல்லை. தொலைபேசியை எடுப்பதும், நேரம் குறிப்பதும், கணக்கு எழுதுவதும் அவரே. வள்ளுவர் நான்காகக் கண்டதில் மூன்று ஒருவரிடமே வந்து குவிந்துவிட்டன. மருந்துக்குரிய குணங்களுள் எளிதில் கிடைத்தலையும் பரிமேலழகர் ஒன்றாகக் கூறுகிறார். மருந்தே மனிதராகும் இடத்தில் இக்குணம் இடராக முடியும். நள்ளிரவிலும் எளிதில் கிடைக்கும் மனிதர் நெடுநாள் மருந்தாக நிலைப்பதில்லை.

ஆயின் நான்காம் அளவாகிய தீர்ப்பான் அளவு குறளில் எங்கே உள்ளது? ‘வலியறிதல்’ என்னும் நாற்பத்தெட்டாம் அதிகாரத்தில் உள்ளது என்பது என் துணிபு. 471ஆம் குறள் வினையின் வலி, தன் வலி, மாற்றான் வலி, துணைவலி ஆகிய நான்கையும் சீர்தூக்கச் சொல்கிறது. கருத வேண்டியவற்றை எண்ணி வைத்து, ‘செயல்’ என்னும் சொல்லால் முடிக்கும் அமைப்பு 949இலும் இதிலும் ஒன்றே. இம்முடிபு 461, 675, 676 ஆகிய குறள்களிலும் வருதலால், இதனை மட்டும் கொண்டு இரண்டுக்கும் உறவு கற்பித்தல் பொருந்தாது என்பதை ஒப்புகிறேன். ஆனால் மேற்கூறிய எண்ணல்களுள், செய்பவனையும் ஒரு பொருளாகத் தராசில் ஏற்றுவது 471 ஒன்றே என்பதை நோக்க வேண்டும்.

‘வலியறிதல் அரசனுக்கு உரியதன்றோ, போர்க்களத்து நெறியை ஆலோசனை அறைக்குக் கொண்டுவருதல் தகுமோ’ என்று கேட்கலாம். அவ்வதிகாரத்தின் பின்பகுதியைப் படிப்போர்க்கு இவ்வையம் நீங்கும். 477 முதல் 480 வரையுள்ளவை வரவு, செலவு, ஈகை, ஒப்புரவு பற்றியன. இவை வீட்டுக்கும் கடைக்கும் ஒப்பப் பொருந்தும் நெறிகள். மஸ்ஜித் இந்தியாவின் துணிவணிகர்க்கு இவற்றை விளக்க வேண்டியதில்லை.

473ஆம் குறளை இங்கே சிறப்பாக எண்ணுக. தம் வலியின் எல்லையை அறியாமல் மன எழுச்சி ஒன்றையே நம்பி இறங்கி, இடைவழியில் ஒடிந்தோர் பலர் என்பது அதன் கருத்து. ஒடிவதற்குக் காரணம் சோம்பல் என்று வள்ளுவர் கூறவில்லை. ஊக்கத்தையே காரணமாகக் காட்டுகிறார். 1974ஆம் ஆண்டில் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்னும் உளவியலறிஞர், இலவச மருத்துவ நிலையங்களில் உழைத்தோரின் சோர்வைப் பற்றி எழுதியபோது, ஈடுபாடு மிக்கவர்களே அதற்கு எளிதில் ஆளாகின்றனர் என்று கண்டார். உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய் வகைப்பாடு இதனைத் தொழில் சார்ந்த நிலையாகக் குறிக்கிறது, நோயாகக் கொள்ளவில்லை. மெல்லிய மயிற்பீலியும் அளவு மிஞ்சினால் வண்டியின் அச்சை முறிக்கும் என்னும் 475ஆம் குறளின் உவமை இதற்கு எத்துணைப் பொருத்தம்! ஒரு நாளில் ஏழு பேர் வந்து அழுதுவிட்டுப் போனால், ஏழாமவரின் துயர் சிறிதாயினும் அச்சு முறியலாம்.

கட்டணம் பற்றி நம்மிடையே ஒரு தயக்கம் உண்டு. துயர் துடைப்பதற்குக் காசு வாங்கலாமா என்பர். பரிமேலழகர் நோயுற்றவனுக்குப் பொருளுடைமையை முதற்குணமாகவே வைத்துவிட்டார். அதனை அப்படியே ஏற்க என் மனம் ஒப்பவில்லை. ஏழைக்கும் நோய் உண்டு, குறளும் பொருளைக் கூறவில்லை. ஆனால் கட்டணமே வேண்டாம் என்பதும் அளவு கடந்ததே. ஒப்புரவாயினும் தன் நிலையை ஆராயாது செய்தால் செல்வத்தின் அளவு விரைவில் கெடும் என 480 எச்சரிக்கிறது. வாரத்தில் இத்தனை மணி நேரம் வறியோர்க்கு என வரையறுத்து, எஞ்சியதற்கு உரிய கட்டணம் பெறுதல் 477 கூறும் அளவறிந்த ஈகைக்கு ஒக்கும். கோலாலம்பூர் பிரண்டர்ஸ் அமைப்பு 1970 முதல் கட்டணமின்றித் துயர் கேட்டு வருகிறது. அங்கும் தொண்டர்கள் முறைவைத்தே அமர்கின்றனர். முறை என்பதும் ஓர் அளவே. 471 கூறும் துணைவலியும் ஈண்டு நினைக்கத் தக்கது. மூத்த ஆலோசகர் ஒருவரிடம் தம் பணியைத் திங்கள்தோறும் எடுத்துரைத்து அறிவுரை பெறுதல் இத்தொழிலில் துணைவலியாகும்.

‘அளவு என்பது இரக்கமின்மைக்கு இட்ட நல்ல பெயரன்றோ’ என்பது இறுதியாக எழும் தடை. இதற்கு விடை 578இல் உள்ளது: தன் கடமை கெடாதபடி கண்ணோட்டம் காட்ட வல்லவர்க்கே உலகம் உரியது என்கிறார். சரகரும் மருத்துவனுக்கு நான்கு மனநிலைகளை வகுக்கும்போது, நட்பு, நோயுற்றோரிடத்துக் கருணை, தீர்க்கக்கூடிய நோயில் ஈடுபாடு என்பவற்றோடு, இறுதி நெருங்கியோரிடத்து உபேட்சையையும் சேர்க்கிறார். உபேட்சை என்பது வெறுப்பன்று. தன்னால் ஆகாததை ஆகாததென ஏற்கும் நடுவுநிலை.

இதன் கொடுமையை நாம் கண்ணாரக் கண்டோம். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் மஸ்ஜித் இந்தியாச் சாலையில் நடைபாதை உள்வாங்கி, தமிழகத்தை அடுத்த ஆந்திரத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மையார் புதையுண்டார். மீட்புப் பணியினர் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்களுக்குள்ளும் இறங்கித் தேடினர். ஒன்பதாம் நாளான ஆகஸ்டு 31இல், தேடுவோரின் உயிருக்கும் நலத்துக்கும் உள்ள இடர் கருதித் தேடல் நிறுத்தப்பட்டது. அவர் கிடைக்கவில்லை. அம்முடிவு குடும்பத்தார்க்கு எத்துணைத் துயர் தந்திருக்கும் என்பதை எழுத்தில் வடித்தல் அரிது. எனினும் இறங்கித் தேடியவர்கள் இரக்கமற்றவர்கள் என்று யாரும் கூறவில்லை. இரக்கம் இருந்தும் எல்லை உண்டு என்பதை அத்தெரு அன்று கற்றது.

தமிழாசிரியர்களே, இதனை ஆலோசகர்க்கு மட்டும் உரியதாக எண்ணிவிட வேண்டா. வீட்டில் சண்டை, பசி, அடி எனக் குழந்தைகள் முதலில் வந்து சொல்வது உங்களிடமே. ‘மருந்து’ அதிகாரத்தைக் கற்பிக்கும் நாளில் ‘வலியறிதல்’ அதிகாரத்தையும் சேர்த்துக் கற்பியுங்கள். உங்களுக்காகவும் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். அம்மாணவிக்கு நான் எழுதிய மடலிலும் இதனையே குறித்தேன்: மூன்று அளவை 949இல் காண்க, நான்காவதை 471இல் காண்க. இரண்டு நாள் கழித்து மறுமொழி வந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில் இனி அறையைப் பூட்டிவிடுவதாக எழுதியிருந்தார்.