ஒப்பனையற்ற முகம்: ஒரு விமர்சன நோக்கு

முகம் இயற்கை அளித்தது. அதன் பொருளை அளிப்பது சமுதாயம். எந்த முகம் அழகானது, எந்த முகம் பிறர் பார்வைக்கு உரியது, எந்த முகம் திருத்தப்பட வேண்டியது என்னும் தீர்ப்புகள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. இருபதாம் நூற்றாண்டிலே இத்தீர்ப்புகளை வழங்கும் மன்றங்களில் ஒன்றாக நவநாகரிகச் சஞ்சிகையின் அட்டை விளங்கியது. அந்த அட்டையிலே ஒப்பனையற்ற முகமொன்று தோன்றுமாயின், மன்றம் தன் பழைய தீர்ப்பை மாற்றிக்கொண்டதென நாம் கருதலாமா? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2009ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பிரான்சிய சஞ்சிகையான 'எல்' ஒரு சிறப்பிதழை வெளியிட்டது. ஐரோப்பாவின் புகழ்பெற்ற நடிகைகளும் விளம்பர அழகிகளுமாக எண்மர் அதில் ஒப்பனையின்றித் தோன்றினர். மொனிக்கா பெலூச்சி, சோபி மார்சோ, ஈவா ஹெர்சிகோவா ஆகிய மூவரின் முகங்கள் தனித்தனி அட்டைகளை அலங்கரித்தன. படங்களை எடுத்தவர் ஜேர்மனியரான பீற்றர் லின்ட்பேர்க். எடுத்த படங்கள் பின்னர் கணினியாலும் திருத்தப்படவில்லை என்று அறிவிக்கப்பட்டது. பிற சஞ்சிகைகளும் இவ்வழியைப் பின்பற்றின. நடிகையர் ஒப்பனையின்றிப் பொதுமேடையில் தோன்றுவது அடுத்த பத்தாண்டுகளில் அடிக்கடி நிகழும் ஒன்றாயிற்று.

இம்முயற்சியின் பெறுமதியை மறுத்துரைப்பது நேர்மையாகாது. பெலூச்சியும் மார்சோவும் அப்போது நாற்பது வயதைக் கடந்திருந்தனர். நாற்பதைக் கடந்த பெண்ணின் கண்ணோரச் சுருக்கத்தைக் குற்றமெனக் கருதி அழித்துவந்த ஒரு தொழில், அதனை அழிக்காமல் அச்சேற்றியமை ஒரு முன்னேற்றமே. இளமை ஒன்றே அழகு என்ற கொள்கையில் அது சிறு பிளவையேனும் ஏற்படுத்தியது.

எனினும் விமர்சகன் இவ்விடத்தில் நின்றுவிடலாகாது. மூன்று விடயங்கள் இங்கு மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, ஒப்பனை நீக்கப்பட்டதேயன்றிக் கலைச்செயற்பாடு நீக்கப்படவில்லை. லின்ட்பேர்க் ஒளியைக் கையாள்வதில் கைதேர்ந்தவர். எந்தத் திசையிலிருந்து ஒளி விழ வேண்டும், எடுத்த பல படங்களுள் எது அச்சேற வேண்டும் என்பன யாவும் தெரிவுகளே. பூச்சு செய்துவந்த பணியின் ஒரு பகுதியை ஒளி ஏற்றுக்கொண்டது. இரண்டாவது, ஒப்பனையைத் துறக்கும் உரிமை யாருக்கு வழங்கப்பட்டது என்பது. அழகியர் என உலகம் ஏற்கனவே ஒப்புக்கொண்டவருக்கே அது வழங்கப்பட்டது. பொருள் உள்ளவன் எளிய உடை உடுத்தால் அதனை எளிமை என்கிறோம். பொருளற்றவன் அதே உடையை உடுத்தால் வறுமை என்கிறோம். முகத்துக்கும் இவ்விதி பொருந்தும். மூன்றாவது, ஒப்பனை இல்லை என்பதே அந்த அட்டையின் செய்தியாகிவிட்டது. ஒரு முகத்தில் பூச்சு இல்லை என்பதைச் சிறப்புச் செய்தியாக அறிவிக்க நேர்ந்தால், பூச்சுள்ள முகமே வழமையானது என்பதை அவ்வறிவிப்பே உறுதிப்படுத்திவிடுகிறது.

இதனாலே ஒப்பனை பொய், ஒப்பனையின்மை மெய் என்ற எளிய முடிவுக்கு நாம் வந்துவிடலாகாது. எமது கூத்து மரபு அம்முடிவுக்கு இடந்தராது. மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் கலைஞன் முகத்தில் பூசிக்கொள்ளும் வண்ணம் எதனையும் மறைப்பதன்று. 'நான் வேடம் தரித்திருக்கிறேன், இப்பொழுது அருச்சுனனாக நிற்கிறேன்' என்று அது வெளிப்படையாக அறிவிக்கிறது. அரிதாரம் என்னும் சொல்லே மஞ்சள் நிறக் கனிப்பொருள் ஒன்றின் பெயர். அக்கனிப்பொருளிலிருந்து செய்த வண்ணம் வேடமுகங்களுக்குப் பயன்பட்டதால் அச்சொல் மேடை ஒப்பனை முழுவதற்கும் பெயராயிற்று. பொட்டும் கண்மையும் மருதாணியும் அவ்வாறே தம்மை மறைத்துக்கொள்வதில்லை. நவீன அழகுசாதனத் தொழிலின் ஒப்பனையோ தன்னை ஒப்பனை என்று காட்டிக்கொள்ள விரும்பாதது. பூசியும் பூசாதது போலத் தோன்றுவதே அதன் உயர்ந்த குறிக்கோள். எனவே நாம் ஆராய வேண்டியது பூச்சு உண்டா இல்லையா என்பதையன்று. அம்முகம் யாருக்காக, எதற்காக எம்முன் நிறுத்தப்படுகிறது என்பதையே.

இதற்கு உரிய அளவுகோலைச் சிலப்பதிகாரம் எமக்குத் தருகிறது. அக்காப்பியத்திலே கண்ணகியின் அணியற்ற தோற்றம் மூன்று இடங்களில் கருத்துக்கு வருகிறது. மனையறம்படுத்த காதையில் கோவலன் அவளது நலம் பாராட்டுகிறான். இயல்பாகவே எழில் பெற்ற உனக்கு மங்கல அணிக்கு மேலாக வேறு அணிகள் எதற்கு என்று வியக்கிறான். இயற்கை அழகைப் போற்றிய அதே கோவலனே பின்னர் ஆடலும் அணியும் நிறைந்த மாதவியை நாடிச் செல்கிறான். ஊடல் கொண்ட அவனை மகிழ்விக்க மாதவி அடிமுதல் முடிவரை அணி புனைந்த விதத்தைக் கடலாடு காதை விரிவாகக் கூறுகிறது. அணி வேண்டாத அழகு என்ற பாராட்டு ஆணின் வாயிலிருந்து பிறந்தது. ஆணின் மனம் மாறியதும் அது பெறுமதி இழந்தது. இரண்டாவது இடம் அந்திமாலைச் சிறப்புச்செய் காதை. அங்கே கண்ணகி சிலம்பையும் சாந்தையும் கண்மையையும் திலகத்தையும் துறந்திருக்கிறாள். இங்கு அணியின்மை பிரிவுத் துயரின் அடையாளம். இவ்விரு இடங்களிலும் அவள் முகம் பிறரால் பேசப்படும் பொருளாகவே உள்ளது.

மூன்றாவது இடம் பாண்டியனின் அவை. புழுதி படிந்த மேனியும் விரிந்த கூந்தலும் கையிலே ஒற்றைச் சிலம்புமாக அவள் அங்கு வந்து நிற்கிறாள். அவள் அழகியா அல்லளா என்று அங்கு எவரும் வினவவில்லை. அவள் என்ன கூறுகிறாள் என்பதே அரசனின் உயிர்நிலையைத் தொடும் வினாவாகிறது. பேசப்பட்ட முகம் பேசும் முகமாக மாறும் இடம் இது. கிழக்கிலங்கைக் கிராமங்கள் வைகாசி மாதத்தில் குளிர்த்திச் சடங்கு செய்து வழிபடுவது வழக்குரைத்துச் சினந்த இந்தக் கண்ணகியையே. ஓர் ஒப்பனையற்ற முகம் பேசப்படுகிறதா, பேசுகிறதா என்பதே நாம் கொள்ளத்தக்க அளவுகோல் என்று கருதுகிறேன்.

இவ்வளவுகோலைக் கொண்டு தமிழ்த் திரையை நோக்கின், 'எல்' சஞ்சிகைக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே வேறொரு பாதை திறக்கப்பட்டிருந்ததைக் காணலாம். அதனைத் திறந்தவர்களுள் முதன்மையானவர் மட்டக்களப்பு அமிர்தகழியிலே பிறந்த பாலு மகேந்திரா. பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்ற அவர், இயற்கை ஒளியையும் மாநிற முகங்களையும் விரும்பிக் கையாண்டார். 1988ஆம் ஆண்டு திரைக்கு வந்த 'வீடு' இதற்குச் சிறந்த சான்று. சென்னையில் அலுவலகமொன்றிற் பணிபுரியும் சுதா என்ற இளம்பெண், தங்கையையும் முதிய பாட்டனாரையும் தாங்கிக்கொண்டு சிறு வீடொன்றைக் கட்ட முனைகிறாள். கடன், கையூட்டு, ஒப்பந்தகாரரின் ஏமாற்று, இறுதியில் அந்நிலத்தையே அரச நிறுவனம் தனக்குரியதென்று கூறும் கொடுமை ஆகியவற்றை அவள் ஒவ்வொன்றாக எதிர்கொள்கிறாள். சுதாவாக நடித்த அர்ச்சனாவின் கருமையான முகத்தில் புலப்படும் பூச்சு எதுவுமில்லை. ஆயினும் படம் பார்ப்பவர் அதனைப் பற்றிச் சிந்திப்பதில்லை; சீமெந்து போதுமா, பணம் போதுமா என்றே அவரும் சுதாவுடன் சேர்ந்து கவலைப்படுகிறார். ஒப்பனையின்மை இங்கே செய்தியன்று. செய்தியைத் தடையின்றிக் கடத்தும் ஊடகம். அர்ச்சனாவுக்கு அவ்வேடம் இந்திய தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. பாண்டியன் அவையில் நின்றவளைப் போலவே சுதாவும் இறுதியில் நீதிமன்றத்தை நாடுகிறாள் என்பது ஒப்புநோக்கத்தக்கது.

எமது தலைமுறையினர் நன்கறிந்த உதாரணம் சாய் பல்லவி. 2015ஆம் ஆண்டு வெளிவந்த 'பிரேமம்' என்ற மலையாளத் திரைப்படத்தில் மலர் என்னும் விரிவுரையாளராக அவர் தோன்றியபோது, கன்னத்துப் பருக்கள் மறைக்கப்படாமலே திரையில் காட்சியளித்தன. அம்முகத்தைக் கண்ட இளம்பெண்கள் பலர் தமது முகத்தைப் பற்றிய தாழ்வுணர்ச்சியிலிருந்து சிறிதேனும் விடுபட்டிருப்பர். ஆனால் அவரது செயல்களுள் நான் பெரிதாகக் கருதுவது வேறொன்று. சருமத்தை வெண்மையாக்கும் களிம்பொன்றின் விளம்பரத்தில் தோன்றப் பெருந்தொகை வழங்க முன்வந்தபோது அவர் அதனை மறுத்தார். இச்செய்தி 2019ஆம் ஆண்டு பரவலாக வெளிவந்தது. எமது மக்களின் நிறம் இதுவே என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. பூச்சை நீக்கிய முகம் அழகைப் பற்றிய செய்தியாவதோடு நின்றுவிடக் கூடும். பூச்சை விற்க மறுத்த முகமோ பேசத் தொடங்கிவிட்டது.

விற்பனையைக் குறிப்பிடுவதற்குக் காரணமுண்டு. கொழும்பிலிருந்து திருகோணமலை செல்லும் வீதியில் அமைந்தது எமது கந்தளாய். குளத்து நீரை நம்பிய வயல்களும், ஒரு காலத்தில் சீனித் தொழிற்சாலைக்காகப் பயிரிடப்பட்ட கரும்புத் தோட்டங்களும் சூழ்ந்த ஊர். வெயிலில் நின்று நாற்று நடும் பெண்ணின் முகம் என்றும் ஒப்பனையற்ற முகமே. அம்முகத்தை எந்த அட்டையும் தாங்கியதில்லை. அதனை எவரும் துணிச்சல் என்று பாராட்டியதுமில்லை. ஆனால் வெண்மையை வாக்களிக்கும் களிம்பு மட்டும் சிறு பைக்கற்றிலே, அவள் கூலிக்கு எட்டும் விலையில், அவளைத் தேடி வருகிறது. திருமணப் பேச்சுகளிலும் வேலைவாய்ப்பிலும் நிறம் ஒரு தகுதியாகக் கணிக்கப்படும் வரை அவள் அதனை வாங்குவதை அறியாமை என்று இகழ எமக்கு உரிமையில்லை.

1975ஆம் ஆண்டு இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபெயார் அன்ட் லவ்லி' என்ற களிம்பு 2020ஆம் ஆண்டு 'குளோ அன்ட் லவ்லி' எனப் பெயர் மாறியது. வெண்மை என்ற சொல் நீங்கி ஒளிர்வு என்ற சொல் அவ்விடத்தில் அமர்ந்தது. ஒரு பொருள் நாற்பத்தைந்து ஆண்டுகளாகக் கற்பித்த பாடத்தை அதன் பெயர்மாற்றம் ஒரே நாளில் மறக்கச் செய்யுமா? பெயர் அறியாத வேறு களிம்புகளால் விளையும் கேடு இதனிலும் பெரிது. சருமத்தில் கருநிறம் உருவாவதைத் தடுப்பதற்காகச் சிலவற்றில் பாதரசம் சேர்க்கப்படுகிறது. அது சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடியது. பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கொண்ட அழகுசாதனப் பொருள்களின் உற்பத்தியும் வர்த்தகமும் 2020ஆம் ஆண்டுடன் நிறுத்தப்பட வேண்டுமென 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை விதித்தது. இலங்கையும் அதன் பங்காளி நாடு. அழகு பற்றிய ஒரு கருத்து உடலுக்குள் நஞ்சாக இறங்கக் கூடும் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆகவே, ஒப்பனையற்ற அட்டைப்படத்தை வரவேற்போம். ஆனால் அதனை விடுதலை என்று மயங்காதிருப்போம். அந்த இதழின் அட்டையைப் புரட்டியதும் உட்பக்கத்தில் எந்தக் களிம்பின் விளம்பரம் உள்ளது என்று பார்ப்பதும் விமர்சகனின் கடமையே. ஒப்பனை செய்துகொள்வதும் செய்யாதிருப்பதும் பெண்ணின் சொந்த விருப்பமாக அமைய வேண்டும். அவ்விரண்டுள் எதுவும் அவளுக்கு வழங்கப்படும் மதிப்பெண்ணாக அமையலாகாது. பல்கலைக்கழகத்தில் இலக்கியமும் கலைகளும் பயிலும் நாம், சஞ்சிகையையும் திரையையும் நோக்கும்போது முகத்தின் நிறத்தையோ மினுக்கத்தையோ அளவிடாது, அம்முகம் கூற வந்த வழக்கு யாது என்று கேட்கப் பழகுவோமாக. கந்தளாய் வயல்வெளியில் நிற்கும் பெண்ணுக்கும் கூறுவதற்கு ஒரு வழக்கு உண்டு. அதனைக் கேட்கும் அவை இன்னும் கூடவில்லை.